பெல்ட் அறுந்துச்சு, வால்வும் வளைஞ்சிருக்குமா?

கேள்வி: அண்ணே, போன வாரம் சிங்கப்பூர் எஸ்எல்இ விரைவுச்சாலையில காரு ஓட்டிக்கிட்டு இருக்கறப்பவே இன்ஜின் டக்குனு நின்னுடுச்சு. விரைவுச்சாலையில நின்ன வண்டிய இழுத்துட்டுப் போற ஈமாஸ் லாரி வந்து பக்கத்து கார்பார்க்ல இறக்கி விட்டுட்டுப் போச்சு. டைமிங் பெல்ட் அறுந்திருக்கு. வொர்க்‌ஷாப்ல எதையும் கழட்டிக்கூடப் பாக்காம வால்வு வளைஞ்சிருச்சு, டாப் ஓவர்ஹால் (இன்ஜினோட மேல்பாகமான ஹெட்ட கழட்டி வால்வு வேலை) பண்ணணும்ங்கறாங்க. 5 வருஷத்துக்குப் புதுப்பிச்ச சிஓஇ (காரு வச்சுக்கற உரிமைச் சான்றிதழ்), 14 மாசம்தான் பாக்கி. நம்பலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல சாவியத் திருகிப் பாக்கறத நிறுத்துங்க. பெல்ட் இல்லன்னா வால்வத் தொறந்து மூடுற கேம்ஷாஃப்ட் அப்படியே நிக்கும், பிஸ்டன் மட்டும் ஏறி இறங்கும், தொறந்தபடி நிக்கிற வால்வ ஒவ்வொரு தடவையும் இடிக்கும். அப்படி இடிக்காத இன்ஜினும் இருக்கு, உங்களுது எந்த வகைன்னு மாடல் சொல்லிக் கேட்டுக்கங்க. இடிக்கிற வகைன்னா ஹைவே ஸ்பீடுல தப்பிச்சிருக்க வாய்ப்பு கம்மி, அவங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம், ஆனா பாக்காம சொல்றதுக்கு காசு குடுக்காதீங்க.

ஸ்டார்ட்டர் விர்ர்ருனு லேசா சுத்துது, அதனால வால்வு போச்சும்பாங்க. பெல்ட் அறுந்தாலே அப்படித்தான் சுத்தும், சில வால்வு தொறந்தே நிக்குதே, அழுத்தம் சேராது. அதே காரணத்தால பெல்ட் போடாம எடுக்கற கம்ப்ரஷன் டெஸ்ட்டும் (சிலிண்டர் அழுத்தத்த அளக்கறது) வேஸ்ட். பிஸ்டன் எல்லாத்தையும் பாதி தூரத்துல நிறுத்தி, கேம்ஷாஃப்ட்ட அதோட டைமிங் மார்க்குக்குக் கொண்டு வந்து, அப்புறம் பிஸ்டன ஏத்தி இறக்குற கிராங்க அதோட மார்க்குல வச்சு, ஒரு பெல்ட் மாட்டி, ஸ்பேனரால கையிலயே ரெண்டு சுத்து சுத்தணும், எங்கயாவது முட்டினா அதோட நிறுத்திடணும். முட்டலன்னா டெஸ்ட் எடுக்கலாம். நல்ல பெட்ரோல் இன்ஜின்ல பொதுவா 150லேருந்து 200 பிஎஸ்ஐ காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் ஜீரோவுலயே கெடந்தா வால்வு மேலதான் சந்தேகம்.

அப்புறம் அந்த சிலிண்டர்ல ரெண்டு வால்வும் மூடுற எடத்துல பிஸ்டன நிறுத்தி காத்து அடிக்கணும். எக்ஸாஸ்ட் பைப்புல காத வச்சப்போ சைக்கிள் டியூப் இறங்கற மாதிரி புஸ்ஸுனு கேட்டதுண்டு, அது எக்ஸாஸ்ட் வால்வு. இன்டேக் பக்கம் கேட்டா இன்டேக் வால்வு, ஆயில் மூடி வழியா வந்தா பிஸ்டன் ரிங்கு. பிளக் ஓட்டை வழியா குட்டி கேமரா விட்டா பிஸ்டன் தலையில நகக்குறி மாதிரி பிறைத் தழும்பு தெரியும். தழும்பு இருந்தா இடிச்சிருக்குன்னுதான் அர்த்தம், வளைஞ்சிருக்கான்னு காத்துதான் சொல்லும்.

வளைஞ்சது உறுதியானா வால்வோட கைடு, சீட், ஹெட் கேஸ்கெட் எல்லாம் சேத்து வெல கேளுங்க, பழைய இன்ஜின் மாத்தினா எவ்வளவுன்னும் கேளுங்க. ஆனா 5 வருஷ சிஓஇ-ய மறுபடி புதுப்பிக்க முடியாது, பார்ஃப் பணமும் (கார ஸ்கிராப் போடறப்போ அரசாங்கம் திருப்பித் தர்ற ஒரு தள்ளுபடி) உங்களுக்குக் கெடையாது. இப்பவே ஸ்கிராப் போட்டா மிச்ச மாசத்துக்கு சிஓஇ காசு கொஞ்சம் திரும்பி வரும், அந்தத் தொகையப் பாத்துட்டு அப்புறம் ஹெட்ட கழட்டச் சொல்லுங்க.