உப்பின் மூலக்கூறு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். என் அக்கா மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேதியியல் கல்வியில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள். வேதியியலில் ஆய்வு என்றால் புதிதாக ஒரு சேர்மத்தைத் தயாரிக்க வேண்டும், அதன் அமைப்பைக் கண்டறிய வேண்டும். பிள்ளைகள் ஏன் தப்பாக எழுதுகிறார்கள் என்பதில் ஆராய என்ன இருக்கிறது? படிப்பதில்லை, அவ்வளவுதானே?

க.

அன்புள்ள க.,

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்களே, அது ஏன்? உங்கள் அக்கா மகள் தேடிப் போவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

சமையல் உப்பான சோடியம் குளோரைடையே எடுத்துக்கொள்வோம். கீத் டேபர் என்ற ஆய்வாளர் 1990களில் இங்கிலாந்தில் மேல்நிலை மாணவர்களுடன் உட்கார்ந்து பேசி, அயனிப் பிணைப்பை, அதாவது மின்சுமை பெற்ற அணுக்களான அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைந்திருப்பதை, அவர்கள் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகள் உண்டு. ஆறின் மீதும் ஈர்ப்பு ஒன்றுபோலத்தான். ஆனால் சோடியம் எந்தக் குளோரினுக்கு எலக்ட்ரானைக் கொடுத்ததோ அதனோடு மட்டும்தான் பிணைப்பு, மற்ற ஐந்தோடு இருப்பது வெறும் விசை என்ற எண்ணம் மாணவர்களிடம் இருந்தது. கொடுத்தது ஓர் எலக்ட்ரான், அதனால் பிணைப்பும் ஒன்று என்று அதற்குக் கணக்கும் வைத்திருந்தார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் கரும்பலகையில் வரைகிற படத்தை அவர்கள் அப்படியே நம்பியிருக்கிறார்கள். ஒரு சோடியம், ஒரு குளோரின், நடுவில் ஓர் அம்புக்குறி. கடல்நீர் வற்றி உப்பு விளையும்போது அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடப்பதே இல்லை. கடல்நீரில் இரண்டும் ஏற்கெனவே அயனிகள்தான். நீர் போனதும் எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று சூழ்ந்து படிகமாக அடுக்கிக்கொள்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கலந்து வற்ற வைத்தாலும் இதே கதைதான்.

மாணவர்களை மட்டும் சொல்வானேன்? 1913இல் லாரன்ஸ் பிராக் என்ற இயற்பியலாளர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்பின் அமைப்பைக் கண்டறிந்தார். சோடியம் குளோரைடுக்குத் தனி மூலக்கூறு எதுவும் கிடையாது, சதுரங்கப் பலகைபோல மாறி மாறி அமைந்த அடுக்குதான் என்று பின்னர் எழுதினார். 1927இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, இது சாதாரண புத்திக்கே ஒவ்வாதது என்று கொதித்தார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மாணவர்கள் தாங்களே செய்து பார்த்துக் கண்டறிந்து கற்க வேண்டும் என்று இங்கிலாந்தில் வாதாடிய பெரிய வேதியியலாளர். அவருக்கே விட்டுக்கொடுக்க முடியாத ஓர் எண்ணம் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் போய்விடுமா?

அப்புறம், மதிப்பெண்ணை வைத்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் நரென்பெர்ன், பிக்கரிங் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை பற்றிய வாயு விதிக் கணக்குகளைச் சரியாகப் போட்ட கல்லூரி மாணவர்களில் பலர், அதே வாயுவின் துகள்கள் கலனுக்குள் எப்படி இருக்கும் என்ற படத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சூத்திரம் தெரிந்திருக்கிறது, வாயு தெரியவில்லை. இந்த இடைவெளியை வெளியே கொண்டுவருகிற கேள்வியை அமைப்பது எளிதே அல்ல. சரியான விடைக்குப் பின்னால் தவறான காரணம் ஒளிந்திருக்கும். வேதியியல் கல்விக்கென்றே உள்ள 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன்' என்ற ஆய்விதழ் 1924 முதல் வந்துகொண்டிருக்கிறது. பேச இவ்வளவு இருப்பதால்தான்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் நன்றாக மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளிடம், உப்பு கரைந்த தண்ணீரை துகள் அளவில் படமாக வரையச் சொல்லுங்கள். சோடியமும் குளோரைடும் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு மிதந்தால் திருத்திவிடாதீர்கள். ஏன் இப்படி வரைந்தாய் என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி அக்கா மகளிடம் கொடுங்கள்.