ஏரி கோடி போன பிறகு கிளியூர் அருவி: வாசகர் கேள்வி – பதில்

ஏற்காட்டைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிளியூர் அருவிக்குப் போவதையும் அதைப் படமெடுப்பதையும் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கோடை விழாவுக்காக மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். கிளியூர் அருவிக்கு அத்தனை படிகள் இறங்கிப் போய்ப் பார்த்தால் வெறும் பாறைதான் இருந்தது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எந்த மாதத்தில் போனால் தண்ணீர் இருக்கும்? (வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

உங்கள் பிள்ளைகளைப் போலவே ஏமாந்து திரும்பும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையிலும் அந்தப் படிகளில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது. கிளியூர் அருவி ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றில் விழும் அருவி அன்று. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற உபரி நீரும், வழியில் சரிவுகளிலிருந்து வந்து சேரும் மழைநீரும் ஓடையாக ஓடி, ஏரியிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், சுமார் 300 அடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்கில் விழுகின்றன. எனவே ஏரி கோடி போகாத, அதாவது நிரம்பி வழியாத, காலத்தில் அருவியில் நீரைத் தேடிப் பயனில்லை. கோடை விழா மே மாதத்தில் நடக்கிறது. மலர்க் கண்காட்சிக்கும் குளிர்ந்த காற்றுக்கும் அது நல்ல காலம், ஆனால் ஏரி தாழ்ந்து கிடக்கும் காலமும் அதுவே.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களின் மாலை இடிமழையில் ஏரி நிரம்பத் தொடங்கி, அக்டோபரிலும் நவம்பரிலும் அருவி நன்றாக விழும். மழை நல்லபடியாகப் பெய்த ஆண்டில் டிசம்பரிலும் நீர் இருக்கும். மாதத்தை மட்டும் நம்பிக் கிளம்பாமல், புறப்படுவதற்கு முதல் நாள் மலைமேல் இருக்கும் யாரையாவது, தங்கும் விடுதிக்காரராக இருந்தாலும் சரி, கூப்பிட்டு "ஏரி கோடி போகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "அருவியில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இருக்கு, வாங்க" என்ற பதில்தான் வரும்; ஏரியைப் பற்றிக் கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

கனமழை கொட்டும் அன்றே போக வேண்டாம். மழை ஓய்ந்து ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துப் போனால் நீரும் இருக்கும், கலங்கலும் தெளிந்திருக்கும், சாலையும் சரியாகியிருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பாதை அடைபட்டால் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக வேறொரு பாதை உண்டு என்றாலும், அதுவும் மலைப்பாதைதான் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: பழைய கேமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். அருவியைப் படமெடுத்தால் தண்ணீர் சுண்ணாம்பு அடித்தது போல ஒரே வெள்ளையாகவும், சுற்றியுள்ள பாறை கறுப்பாகவும் வருகிறது. பட்டு நூல் போல நீர் இழைகிற படத்தை எப்படி எடுக்கிறார்கள்? (வாசகர், தாரமங்கலம்)

குறை உங்கள் கேமராவில் இல்லை. நீங்கள் போன நேரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கருமையான பாறை; நனைந்துவிட்டால் அது இன்னும் கறுக்கும். அதன்மேல் விழும் நுரையோ சுண்ணாம்பு வெள்ளை. உச்சி வெயிலில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாட்டை எந்தக் கேமராவாலும் ஒரே படத்துக்குள் முழுமையாக அடக்க முடியாது. வெயில் பாறைமேல் படுவதற்கு முன், காலையில் போய்ச் சேருங்கள். அல்லது மேகம் மூடிய நாளைத் தேர்ந்தெடுங்கள். சுற்றுலாப் பயணிகள் "வெயிலே இல்லையே" என்று அலுத்துக்கொள்ளும் மப்பும் மந்தாரமுமான நாள்தான் அருவிப் படத்துக்கு ஏற்ற நாள்.

இனி அமைப்புகளைப் பார்ப்போம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 100-இல் வைத்து, லென்ஸில் ஒளி புகும் துளையை எஃப் 8 முதல் எஃப் 11 வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்; எஃப் 22 வரை சுருக்கினால், ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் இன்னும் மெதுவாகும் என்பது உண்மைதான், ஆனால் ஒளி விளிம்பில் சிதறிப் படத்தின் கூர்மை போய்விடும். நிழலில் இந்த அமைப்புக்கு நொடியில் 60-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை முன்னால் மாட்டினால், ஷட்டர் எட்டு மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதாவது நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. நீர் இழையத் தொடங்குவது அந்த இடத்தில்தான். வெண்மை அப்போதும் மிஞ்சினால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). இருண்ட பாறையைப் பிறகு கணினியில் ஓரளவு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன நுரையை மீட்கவே முடியாது.

எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. ஏரி வழிந்து அருவி முழு வேகத்தில் விழும் நாளில் ஒரு நொடி, இரண்டு நொடி என்று திறந்து வைத்தால், அந்த வேகமும் முரட்டுத்தனமும் மறைந்து நீர் வெறும் பஞ்சாகிவிடுகிறது. பார்க்கிறவருக்கு அந்த இடத்தின் ஓசை காதில் விழாமலே போய்விடுகிறது. அத்தகைய நாளில் எட்டில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் இரண்டு மூன்று இழைகளாக மட்டும் வழியும்போது ஒரு நொடி கொடுங்கள். அந்த மெலிந்த நீருக்கு அது அழகாகப் பொருந்தும்.

வாங்குவதற்கு ஒரே ஒரு ஃபில்டருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், என்.டி.யைவிடப் போலரைசரை வாங்குங்கள். நனைந்த இலையிலும் பாறையிலும் வானத்து வெளிச்சம் பட்டு ஒரு வெண்பூச்சு போலப் பளபளப்பது நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை. போலரைசரை மெல்லத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பூச்சு விலகி, இலையின் உண்மையான பச்சையும் பாறையின் நிறமும் மேலே வருவதை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரிலேயே காணலாம். அதோடு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியையும் அது குறைத்துவிடுவதால், ஷட்டர் வேகம் தானாகவே இறங்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் ஏறத்தாழ 80 படங்கள் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன். பன்னிரண்டாவது படத்திலிருந்து கடைசிப் படம் வரை, சட்டத்தின் வலது மூலையில் மிளகளவு மங்கல் ஒன்று. சாரலின் ஒரே ஒரு துளி. கேமராவின் சிறிய திரையில் அது தெரியவே இல்லை. அன்றிலிருந்து கழுத்தில் ஒரு மெல்லிய மைக்ரோஃபைபர் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஐந்தாறு படத்துக்கு ஒருமுறை லென்ஸைச் சாய்த்துப் பார்த்துத் துடைக்கிறேன்.

கேள்வி: என்னிடம் செல்பேசி மட்டும்தான் இருக்கிறது. அதில் இந்த மாதிரிப் படம் வருமா? (கல்லூரி மாணவி, ஓமலூர்)

வரும். ஐபோனாக இருந்தால் லைவ் ஃபோட்டோவாக எடுத்து, பிறகு அதை லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றினால் நீர் இழைந்துவிடும். ஆண்ட்ராய்டு பேசிகளில், அமைப்புகளை நாமே மாற்றும் புரோ மோடு இருந்தால், ஐ.எஸ்.ஓ.வைக் கடைசி அளவுக்கு இறக்கி, ஷட்டரை நொடியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு வைத்துப் பாருங்கள். பெரும்பாலான செல்பேசிகளில் துளையைச் சுருக்க வழியில்லை என்பதால், வெளிச்சம் குறைந்த காலையிலோ மேகமூட்டத்திலோதான் இது கைகூடும். பேசியைக் கையில் பிடிக்காமல் பையின்மேல் அசையாமல் சாய்த்து வைத்து, மூன்று நொடி டைமரில் எடுங்கள். சாதாரண மோடிலேயே எடுப்பதானால் திரையில் நுரையின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: அருவிச் சாரலில் வானவில் விழுந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். நான் போனபோது ஒருமுறைகூடத் தெரியவில்லை. (வாசகர், சங்ககிரி)

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையை மையமாகக் கொண்டு, அதிலிருந்து ஏறத்தாழ 42 பாகை விலகிய வட்டத்தில்தான் வானவில் அமையும். அந்த வட்டம் சாரலைத் தொடும் இடத்தைத் தேடி நாலடி இப்படியும் அப்படியும் நகர்ந்து பாருங்கள். போலரைசர் மாட்டியிருந்தால் கவனம் தேவை. அதைத் தவறான பக்கம் திருப்பிவிட்டால் வானவில்லையே அழித்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அவரை அழைத்துப் போகலாமா? (வாசகி, நெத்திமேடு, சேலம்)

கீழே அழைத்துப் போக வேண்டாம் என்றே சொல்வேன். செங்குத்தான படிகள் 200-க்கு மேல் இருக்கின்றன. ஏறும்போது மூச்சு வாங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் முழங்காலை வாட்டுவது இறக்கம்தான். போதாததற்கு ஈரப்படி வழுக்கும். அப்பாவை ஏரிக்கரையில் உட்கார வையுங்கள். ஏரி நிரம்பி நிற்கும் காட்சி அருவிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. லேடீஸ் சீட்டுக்கும் அழைத்துச் செல்லலாம். அங்கிருந்து வளைவு வளைவாகக் கீழிறங்கும் சாலையும் சேலம் நகரமும் தெரியும்.

கேள்வி: தண்ணீர் குறைவாகத்தான் விழுந்தது. அருவிக்கு அடியில் பாறைமேல் ஏறிப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த ஊழியர் ஒருவர் சத்தம் போட்டு இறங்கச் சொல்லிவிட்டார். இவ்வளவு கட்டுப்பாடு தேவைதானா? (வாசகர், ஆத்தூர்)

தேவை. நீங்கள் ஆத்தூர்க்காரர் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஊருக்கு அருகே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் முட்டல் ஆனைவாரி அருவியில் 2021 அக்டோபரில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திடீரென்று பெருகிய வெள்ளத்தில் ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையில் சிக்கிக்கொள்ள, அவர்களைக் கயிற்றின் துணையோடு மீட்ட காட்சி தமிழ்நாடு முழுவதும் பரவியது. சற்று முன்புவரை அந்த இடத்தில் மக்கள் சாதாரணமாகத்தான் நின்றிருந்தார்கள்.

மலையில் வெள்ளம் வரும் விதம் இதுதான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே, உங்கள் கண்ணுக்கு எட்டாத சரிவில், அரை மணி நேரம் மழை கொட்டியிருக்கும். அந்த நீர் ஒவ்வொரு ஓடையாகத் திரண்டு ஒரே வாய்க்குள் இறங்கி வந்து சேர்வதற்குச் சற்று நேரமாகும். கிளியூரில் ஏரியும் நிறைந்திருந்தால், மேற்கொண்டு பெய்யும் மழையை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. வந்த நீர் அப்படியே வெளியேறும். வெள்ளத்துக்கு முன் சில அடையாளங்கள் தெரியும். தெளிந்திருந்த நீர் காப்பி நிறத்துக்கு மாறும். சருகும் குச்சியும் மிதந்து வரும். சீராகக் கேட்டுக்கொண்டிருந்த ஓசை கனத்துவிடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், முக்காலியை மடக்கிக்கொண்டிருக்காமல் உடனே கரையேறிவிடுங்கள். எல்லா நேரமும் இந்த அடையாளங்கள் முன்கூட்டியே தெரியும் என்று உறுதி கிடையாது. அதனால்தான் நீரோட்டப் பாதையிலேயே நிற்கக் கூடாது என்கிறார்கள்.

வெள்ளம் வராத நாளிலும் அந்தப் பாறையை நம்பாதீர்கள். நீர் வழிந்த இடத்தில் படியும் பாசி, ஈரமாக இருக்கும்போது கறுப்புப் பாறையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. கண் வியூஃபைண்டரில் இருக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று மனம் பார்ப்பதில்லை. படத்துக்காகவும் ஒன்று சொல்கிறேன்: அருவியின் உயரம் தெரிய வேண்டுமானால் தள்ளி நிற்க வேண்டும். கரையோரத்தில் பாதுகாப்பாக நிற்கும் ஒருவரைச் சட்டத்தின் கீழ் மூலையில் சிறியதாக வைத்து எடுத்துப் பாருங்கள். அடியில் நின்று எடுத்த எந்தப் படத்திலும் இல்லாத பிரமாண்டம் அதில் வந்துவிடும். அன்று சத்தம் போட்ட அந்த ஊழியர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

கேள்வி: "அருவி" என்பது சரியா, "நீர்வீழ்ச்சி" என்பது சரியா? (ஆசிரியர், மேட்டூர்)

இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ஆனால் சங்கப் பாடல்கள் முதல் குற்றாலத்து ஐந்தருவி வரை நம் வாயில் புழங்கிய சொல் அருவிதான். கைவசம் இருக்கும் சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆகவே இந்தப் பக்கங்களில் அருவி என்றே எழுதுகிறேன்.

கேள்வி: ஏற்காடு போய் வந்த இரண்டு மாதத்தில் என் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கிறது. சாரல்தான் காரணமா? (வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

அது பூஞ்சை. சாரலைவிட, திரும்பி வந்த பிறகு செய்த ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. இரண்டுக்கும் ஏழெட்டு டிகிரி வெப்ப வேறுபாடு சாதாரணம். மேலே குளிர்ந்துபோன கேமராவை அடிவாரத்துக்கு வந்ததும் திறந்தால், சேலத்துச் சூடான காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வேர்த்துவிடும். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் புகை படிவதும் இதே காரணத்தால்தான். அந்த ஈரத்தோடு கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால், இருட்டும் ஈரமும் சேர்ந்து பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

படர்ந்துவிட்டதை நீங்களே பிரிக்க முயலாமல், லென்ஸ் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். அடுத்த முறை மலையிலிருந்து இறங்குமுன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். வேர்வை உறையின் வெளிப்புறத்தில் படியும். பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிபோட்ட டப்பாவில் எடுத்து வையுங்கள். வீட்டில் முறுக்கு நமுத்துப்போகாமல் இருக்க எந்த மாதிரி டப்பாவைத் தேடுவோமோ, அதே மாதிரி டப்பா போதும். காற்றுப் புகாத அந்த உறையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள், அருவிக்கரையில் விட்டுவிட வேண்டாம்.