கண்ணாடியில் ஒட்டிய தனுஷ்கோடிப் படம்

தனுஷ்கோடித் துறைமுகத்தில் உங்கள் தாத்தா நிற்கும் பழைய படம் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, ஹேர் டிரையரால் சூடேற்றிப் பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் பிரிக்க வேண்டாம். படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

கடற்கரை ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றியிருக்கும். தாத்தாவின் முகம் இருப்பது அந்தப் பூச்சில்தான் என்பதால், காகிதத்தை இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

1. டார்ச் ஒளியைச் சாய்வாக அடியுங்கள். ஒட்டிய இடம் நனைந்ததுபோல் கறுத்துத் தெரியும். ஒட்டாத இடம் சற்று வெளிறியிருக்கும்.

2. சட்டத்தையும் பின் அட்டையையும் மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கக்கூடும் என்பதால் அட்டையை எறிந்துவிடாதீர்கள்.

தண்ணீரில் ஊறவைக்கும் முறையை யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். கையால் வண்ணம் தீட்டிய படமானால் வண்ணம் கரைந்துவிடும்.

படம் 1970-இல் எடுத்தது என்று அத்தை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 1914 முதல் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்துவிட்டது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்தே ஓடியது. ஆகவே ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது ஊர் தவறாக இருக்கலாம். அத்தையைத் திருத்தாமல், படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுத்து, யார் வழியனுப்ப வந்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அவர் குரலிலேயே முழுவதும் பதிவு செய்யுங்கள். உங்கள் கணிப்பைத் தனியே குறித்து வையுங்கள்.