சின்ன ரெயிலருக்கு ஒரு விறாந்தை: ஸ்கிறீன் ரூம் கேள்வி பதில்

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில இடம் பிடிக்க அஞ்சு மாசத்துக்கு முன்னமே காலமை 7 மணிக்குக் கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருக்கிற ஆக்கள், நுளம்பைப் பற்றி மட்டும் போற கிழமைதான் யோசிக்கினம். அதுதான் இந்தக் கேள்வியள் எல்லாம் ஒண்டா வந்து குவிஞ்சிருக்கு, கேட்ட ஆளின்ர ஊரை முன்னால போட்டிருக்கிறன். என்னட்டை இருக்கிறது 13 அடி போலர். 1968இல வினிப்பெக்கில செய்யத் தொடங்கின, காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கிற ஃபைபர்கிளாஸ் முட்டை. அதுக்குள்ள நாலு பேர் நிமிர்ந்து இருக்கேலாது. அதால எங்கட குடும்பத்துக்கு ஸ்கிறீன் ரூம்தான் ஹோல், சாப்பாட்டறை, மழை பெய்தால் கடுதாசி விளையாடுற இடம், எல்லாம். ஊர் வீட்டு விறாந்தைக்கு வலை அடிச்ச மாதிரி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

மார்க்கம்: அண்ணை, புதுசா ஒரு குட்டி ரெயிலர் எடுத்திருக்கிறம், ரெண்டு பிள்ளையள். ஓனிங்கோட, அதுதான் ரெயிலர்ப் பக்கத்தில விரிக்கிற சீலைக் கூரையோட பூட்டுற ஸ்கிறீன் ரூம் நல்லதோ, தனிய நிக்கிற பொப்-அப் கூடாரம் நல்லதோ?

தங்கச்சி, ஒரு இடத்தில எத்தனை இரவு நிப்பீங்கள் எண்டு முதல்ல சொல்லுங்கோ. ரெண்டு இரவுக்கு ஒருக்கா இடம் மாறுற ஆக்களெண்டால் தனிக் கூடாரம். கிளாம், கஸெல் மாதிரியான ஆறு பக்கக் கூடாரங்களை ஒவ்வொரு பக்கமா வெளிய இழுத்துவிட்டால் நிமிர்ந்து நிக்கும், பழகின ஆளுக்கு ரெண்டு மூண்டு நிமிசம். ஆனால் மடிச்சாப் பிறகும் அது ஆறடிக்கு மேல நீளமான பொதி. 13 அடி ரெயிலருக்குள்ள அதை எங்கை வைக்கிறது? நாங்கள் ஒரு கோடை முழுக்க அதைக் கட்டிலுக்குக் குறுக்கால வைச்சு, ஒவ்வொரு இரவும் வெளிய தூக்கிப் போட்டனாங்கள். வாங்க முதல் உங்கட காரின்ர பின்பக்கத்தை அளந்து பாருங்கோ.

ஓனிங்கோட பூட்டுறதில பெரிய லாபம் கதவு. ரெயிலர்க் கதவைத் திறந்தால் நேர ஸ்கிறீன் ரூமுக்குள்ளதான் இறங்குறீங்கள். இரவில பிள்ளை சலத்துக்கு எழும்பினால், பால்போத்தலை மறந்திட்டால், நுளம்புக்குள்ளால ஓட வேண்டியதில்லை. தனிக் கூடாரத்தில ரெண்டு சிப்பைத் திறந்து மூடவேணும், இடையில இருக்கிற நாலடியில நுளம்புக்கு விருந்து. நாலஞ்சு நாள் ஒரே இடத்தில நிக்கிறதெண்டால் நான் பூட்டுறதைத்தான் சொல்லுவன். முதல் தரம் கட்ட முக்கால் மணித்தியாலம் போகும், புருசன் பெண்சாதி சண்டை ஒண்டும் வரும். அதை வீட்டு முன்றலில வைச்சு முடிச்சிட்டுப் போங்கோ.

ஏஜக்ஸ்: வலை புத்தம் புதுசு, ஒரு ஓட்டை இல்லை. ஆனால் பொழுதுபட்டால் உள்ளுக்கு நுளம்பு நிறையுது. எதால வருது?

கீழால. கிட்டத்தட்ட எப்பவும் கீழாலதான்.

ஸ்கிறீன் ரூமுக்கு மூண்டு பக்கம் வலை, நாலாவது பக்கம் உங்கட ரெயிலர். அந்த ரெயிலர் சில்லில நிக்குது, நிலத்துக்கும் அடித்தட்டுக்கும் இடையில ஒரு அடிக்கு மேல வெளி. நீங்கள் முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டிட்டுப் பின்வேலியைத் திறந்து விட்டிருக்கிறீங்கள். இதுக்கெண்டு நீட்டுச் சீலை விக்கினம். ரெயிலரின்ர கீழ் விளிம்பில கொழுவி நிலம் வரைக்கும் தொங்க விடுறது. சில்லுக்கு முன்னால வாற துண்டு வேறையா இருக்கும், அதை மறக்கிற ஆக்கள்தான் கூட. கடைச் சாமான் அளவில வராட்டில் பழைய தார்ப்பாயை வெட்டினாலும் காணும். கீழ் விளிம்பில மண்பையோ, தண்ணி நிரப்பின போத்தலோ வைச்சு அமத்த வேணும், இல்லாட்டில் காத்துத் தூக்கும்.

அடுத்தது ரெயிலரின்ர உடம்பும் பக்கச் சுவரும் முட்டுற இடம். பெட்டி மாதிரி ரெயிலருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. என்ர போலர் மாதிரி வளைஞ்ச உடம்புக்கு நேர்க்கோட்டில தைச்ச சுவர் ஒருநாளும் ஒட்டாது, மேலயும் கீழயும் கை போற இடைவெளி கிடக்கும். உறிஞ்சிக் கிண்ணம் ஒட்டிப் பார்த்தன், குளிர் இரவில ஒவ்வொண்டாக் கழண்டு விழுந்திட்டுது. கடைசியாக் கை குடுத்தது பிள்ளையள் நீந்தேக்க பிடிக்கிற நுரைக் குழாய்தான். அதை நீட்டுக்குப் பிளந்து, சுவரின்ர தூணில கொழுவி, தூணை ரெயிலரோட சாய்ச்சு இறுக்கினால் வளைவுக்கு ஏற்ற மாதிரி அமுங்கிக் குடுக்கும்.

எல்லாம் சரியோ எண்டு பாக்க ஒரு வழி. பகலில உள்ளுக்குப் போய்ச் சிப்பெல்லாம் மூடிப்போட்டு நிலத்தில குப்புறப் படுத்துச் சுத்திப் பாருங்கோ. வெளிச்சக் கீலம் தெரியிற இடமெல்லாம் நுளம்பின்ர வாசல்.

பிராம்டன்: நான் சென்னைக்காரன் அண்ணா. நீங்க நுளம்புன்னு சொல்றது கொசுதானே! போன வருஷம் மே கடைசியில அல்கான்குவின் பூங்காவுக்குப் போனோம், கொசுவே இல்ல, ஆனா ஏதோ சின்ன கறுப்பு ஈ கடிச்சுக் காதுக்குப் பின்னால ரத்தம். அதுக்கு வேற வலையா?

கொசுவேதான் தம்பி, பேர் எதுவெண்டாலும் கடி ஒண்டு. உங்களைக் கடிச்சது பிளாக் ஃப்ளை. அங்கை அதின்ர காலம் வைகாசி (மே) நடுவில தொடங்கி ஆனி (யூன்) நடுப்பகுதி தாண்டும் வரைக்கும். நுளம்பு தேங்கின தண்ணியில பெருகும், இது ஓடுற தண்ணியில. அதால ஆறு, ஓடைக்குப் பக்கத்து இடம் வடிவா இருக்கெண்டு அந்த மாசம் பிடிக்காதேங்கோ. கடிக்கிறது பகலில, கறுப்பு, கடும்நீல உடுப்பை நல்லாத் தேடி வரும்.

ஆனால் இதில ஒரு விசேசம். பிளாக் ஃப்ளை மூடின இடத்துக்குள்ள வந்தால் கடிக்கிறதை மறந்திடும். வெளிச்சத்தைத் தேடி மேல ஏறி வலையோட முட்டிக்கொண்டு நிக்கும். அதால அரைகுறையாக் கட்டின ஸ்கிறீன் ரூம்கூட அதுக்குக் காணும். நுளம்புக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

வலையின்ர கண் அளவு எண்டு பார்த்தால், சாதாரண வலை நுளம்பையும் பிளாக் ஃப்ளையையும் நிப்பாட்டும். ஆடியில (யூலை) வாற டியர் ஃப்ளை எண்ட கடி ஈக்கு அதுவே தாராளம். நோ-சீ-யம் எண்டு கண்ணுக்கே பிடிபடாத பூச்சி, 1 மில்லிமீற்றர் தொடக்கம் 3 மில்லிமீற்றர் வரைக்கும்தான் அதின்ர நீளம். அதுக்குத்தான் நெருக்கமான வலை வேணும். நெருக்க வலையில காத்தோட்டம் குறையும், ஆடி மாச மத்தியானம் உள்ளுக்கு அவிஞ்சு போவீங்கள். நான் சாதாரண வலையும் 12 வோல்ட் காத்தாடி ஒண்டும் வைச்சிருக்கிறன். காத்தாடிக் காத்துக்கு எதிராப் பறக்க நுளம்பாலயும் கஷ்டம்.

ஸ்காபரோ: ரெயிலர்ப் பக்கத்தில கூரைச் சீலையைக் கொழுவுற தவாளிப்புக்குள்ளால கூரை விளிம்பை இழுக்கேக்க பாதியில இறுகுது. மனுசி இழுத்த இழுவையில தையல் விட்டிட்டுது.

அக்காவைப் பேசாதேங்கோ, தவாளிப்பில ஊத்தை. வாய்ப் பக்கம் நசுங்கியிருந்தால் திருப்புளியால மெல்ல விரிச்சு, கூர் விளிம்பை அரத்தால தேய்ச்சு விடுங்கோ. ஈரத்துணியை ஒரு கயிற்றில கட்டி உள்ளுக்குள்ளால ரெண்டு தரம் இழுங்கோ. பிறகு காய்ஞ்சு போற சிலிக்கன் ஸ்பிறே. சமையல் எண்ணெய், கிறீஸ் கூடாது, மண்ணைப் பிடிச்சு வைச்சு அடுத்த முறை இன்னும் இறுகும். ஒராள் இழுக்க, மற்றாள் வாய்ப் பக்கத்தில நிண்டு சீலையை நேராக் குடுக்கவேணும். தனி ஆள் செய்யிற வேலை இல்லை.

இன்னொண்டு, இழுத்து முடிச்ச உடன கதவைத் திறந்து பாருங்கோ. சின்ன ரெயிலரில ஓனிங் உயரம் குறைவு, கதவின்ர மேல் மூலை கூரையில உரஞ்சும். ஒரு கிழமையில ஓட்டை விழும். கதவு மூலையில பூட்டுற சின்ன உருளை விக்கினம், அல்லது ரெனிஸ் பந்தை வெட்டிக் கொழுவுங்கோ.

மிசிசாகா: மழை வந்தால் கழட்ட வேணுமோ? இரவு முழுக்கப் பெய்யும் எண்டு சொல்லுறாங்கள்.

மழைக்குக் கழட்டத் தேவையில்லை, தண்ணி தேங்காமப் பாருங்கோ. கணக்குச் சொல்லுறன்: மூண்டு மீற்றர் நீளம், ரெண்டரை மீற்றர் அகலக் கூரை. அதில ஒரு சென்ரிமீற்றர் மழை தேங்கினால் 75 லீற்றர், எண்டால் 75 கிலோ. உங்கட ஓனிங் கைக்கு ஒரு ஆள் ஏறிக் குந்தியிருக்கிற மாதிரி. வெளிப்பக்கத் தூண் ரெண்டில ஒண்டை நல்லா ஒரு அடி பதிச்சு விடுங்கோ, தண்ணி அந்த மூலையால ஊத்தும். அந்த மூலை ரெயிலர்ச் சில்லுப் பக்கமோ, உங்கட சப்பாத்துப் பக்கமோ இல்லாமப் பாருங்கோ. நிலப்பாய் சுவருக்கு வெளிய நீட்டிக்கொண்டு கிடந்தால் அதுவே தண்ணியை ஏந்தி உள்ளுக்குக் கொண்டுவரும், மடிச்சு உள்ள விடவேணும்.

காத்துத்தான் எமன். ஜோர்ஜியன் குடாக் கரையில ஒரு பின்னேரம், வானம் வெளிப்பு எண்டு சுவரெல்லாம் பூட்டினபடி விட்டிட்டு நீந்தப் போனம். இருவது நிமிசத்தில ஒரு சுழட்டல் காத்து. வலைச் சுவரும் காத்துக்குப் பாய்மரம் மாதிரித்தான் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. ஓனிங் கை வளைஞ்சு, தவாளிப்பு ஃபைபர்கிளாஸில இருந்து ரெண்டு ஆணியோட பிடுங்கி வந்திட்டுது. திருத்தினதும் நான்தான், பேச்சு வாங்கினதும் நான்தான். இப்ப இடத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிடேக்க சுவரைக் கழட்டி ஓனிங்கைச் சுருட்டிப்போட்டுத்தான் போறது. அலுப்புத்தான்.

ஸ்காபரோ: மழைக்குள்ள வேற எங்கை சமைக்கிறது? உள்ளுக்கு அடுப்பை வைச்சு மீன் பொரிச்சால் என்ன? நாலு பக்கமும் வலைதானே, காத்துப் போகும்.

எங்கட ஆக்கள் கேக்கிற முதல் கேள்வியே இதுதான், நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஓம் எண்டு சொல்லேல்லை. வலையும் கூரையும் பொலியெஸ்ரர் அல்லது நைலோன். தீப் பரவுறதை மெதுவாக்கிற பூச்சு இருந்தாலும் அது எரியாத சாமான் இல்லை. கொதி எண்ணெய் ஒரு துளி தெறிச்சால் வலையில ஓட்டை, தாச்சி பத்தினால் கூரை உருகித் தலையில விழும். மழைக்கெண்டு பக்கத்து மறைப்பையும் இறக்கி விட்டால் காத்துப் போகவும் வழியில்லை. கரி அடுப்பும் காஸ் ஹீற்றரும் விடுற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஸ்கிறீன் ரூம் வாசல் ரெயிலர் வாசலோட சேர்ந்திருக்கு, உள்ளுக்குப் படுத்திருக்கிற பிள்ளைக்கு அது நேர போகும். புரட்டாதிக் குளிருக்கு ஹீற்றர் வைக்கலாமோ எண்டு கேட்ட ஒட்டாவாத் தம்பிக்கும் இதே பதில்தான். ரெயிலருக்குள்ள எச்சரிக்கைக் கருவி வேலை செய்யுதோ எண்டு போக முதல் அமத்திப் பாருங்கோ.

பிறகு கரடி. பொரிச்ச மீன் மணம் சீலையில ஏறினால் ரெண்டு தரம் தோய்ச்சாலும் போகாது, கறுப்புக் கரடியின்ர மூக்குக்கு வலை ஒரு சுவரே இல்லை. சாப்பாட்டுப் பெட்டி, கூலர், குப்பை, கழுவாத கோப்பை ஒண்டும் இரவில ஸ்கிறீன் ரூமில வைக்கக் கூடாது, காருக்குள்ள பூட்டுங்கோ. கரடி வராத இடமெண்டாலும் ரக்கூன் வரும், அணில் ஒரு முறுக்குத் துண்டுக்காக வலையைக் கடிச்சு வெட்டும்.

சமைக்கிறதுக்கு நான் செய்யிறது: ஸ்கிறீன் ரூமில இருந்து விலத்தி, உயரமா ஒரு தார்ப்பாய், நாலு பக்கமும் திறந்தது. அதுக்குக் கீழ அடுப்பு. சமைக்கிற ஆள் கடி வாங்கும், உண்மைதான். எங்கட வீட்டில அது என்ர முறை.

மொன்றியல்: பாறை நிலத்தில முளை இறங்காது. என்ன செய்யிறது?

ஜோர்ஜியன் குடாக் கரையில இருக்கிற கில்பேர் பூங்காப் பக்கம் அப்பிடித்தான், சுத்தியலுக்குக் கை நோகும். பைக்குள்ள கல்லை நிரப்பிக் கயிற்றைக் கட்டுங்கோ, அல்லது விறகுக் கட்டையைக் குறுக்க வைச்சு அதுக்கு மேல பாரம் ஏத்துங்கோ. சரளை நிலமெண்டால் கூடாரத்தோட வாற கம்பி முளையை எறிஞ்சிட்டு 12 அங்குல இரும்பு முளை வாங்குங்கோ. மரத்தில ஆணி அடிக்காதேங்கோ.

வாட்டர்லூ: உள்ளுக்குத் தெர்மாசெல் எண்ட நுளம்பு விரட்டுற கருவி வைக்கலாமோ? டீட் மருந்தை உடம்பில பூசிக்கொண்டு இருந்தால் போதாதோ?

தெர்மாசெல் திறந்த வெளிக்குச் செய்தது, மூடின இடத்துக்குள்ள வைக்காதேங்கோ எண்டு அதிலயே எழுதிக் கிடக்கு. வெளிய, வாசலுக்குப் பக்கத்தில வையுங்கோ, சிப்புத் திறக்கிற நேரம் உள்ளுக்கு வாற கூட்டம் குறையும். டீட் பிளாஸ்ரிக்கையும் சில செயற்கைச் சீலையையும் கரைக்கும், பூசின கையால கண்ணாடி மாதிரியான வினைல் யன்னலைப் பிடிச்சால் விரல் அடையாளம் நிரந்தரம். ஐகாரிடின் எண்ட மற்றப் பூச்சு மருந்து அப்பிடிச் செய்யாது, எங்கட வீட்டில 20 சதவீத ஐகாரிடின்தான்.

ஓஷாவா: மடிச்சு வைச்ச ஸ்கிறீன் ரூம் வைகாசியில திறந்தால் கறுப்புப் புள்ளியும் நாத்தமும்.

பங்கசு. ஈரத்தோட மடிச்சிருக்கிறீங்கள். பூங்காவில வெளிக்கிடுற நேரம் மழையெண்டால் ஈரமாத்தான் சுருட்டவேணும், வேற வழியில்லை, ஆனால் வீட்டுக்கு வந்த அண்டைக்கே கராஜில விரிச்சுக் காயப் போடுங்கோ. நாளைக்குப் பார்ப்பம் எண்டு விட்டால் அவ்வளவுதான். இப்ப இருக்கிறதை மெல்லிய சவுக்காரத் தண்ணியும் மென்மையான தூரிகையும் வைச்சுக் கழுவுங்கோ. புள்ளி முழுக்கப் போகாது, நாத்தம் போகும். பிளீச் போட்டால் தையல் நூலும் தண்ணி தாங்குற பூச்சும் போயிடும்.

மடிக்க முதல் ஒருக்கா நல்லா உதறுங்கோ. கில்பேரில மசசாகா கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கு, நிலத்தில கிடந்த சீலைக்குக் கீழ சூடு தேடிப் படுக்கும். என்ர சீலையில இதுவரைக்கும் வந்தது ஒரு தேரைதான். ஆனால் மனுசி இண்டைக்கும் நீட்டுத் தடியோடதான் மடிக்க வாறா.

ஸ்காபரோ: ஊரில இருந்து மாமி வாறா. ரெயிலருக்குள்ள இடமில்லை. ஸ்கிறீன் ரூமில கட்டில் போட்டால்?

மாமியை ரெயிலருக்குள்ள படுக்க விட்டிட்டு நீங்கள் வெளிய படுங்கோ தம்பி. பனி வலைக்குள்ளால இறங்கும், விடிய நித்திரைப் பை நனைஞ்சிருக்கும். நனையிறது நீங்களா இருந்தால் வீட்டில சமாதானம்.