செவப்பு பொட்டு வச்ச கெமரா

கேள்வி: ஹட்டன் டவுன்ல சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கேன். கல்யாணம், சடங்கு, ஐடென்டி கார்டு படம்தான் பொழப்பு. லைக்கா மாதிரி லட்சக்கணக்குல வெல போடுற கெமரா கம்பெனிக்காரங்க வெளம்பரத்த எப்படி மாத்துனா எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் ஆச வரும்?

பதில்: மொதல்ல பேர்லயே ஒரு கூத்து இருக்கு தம்பி. நம்ம ஆளுங்ககிட்ட லைக்கான்னு சொன்னா "ஓ, படம் எடுக்குற கம்பெனியா"ம்பாங்க, சினிமா கம்பெனிய நெனச்சுக்கிட்டு. ஒரு கணக்குல அதுவும் சரிதான்.

இந்த ஜெர்மன் லைக்காவ செஞ்ச ஒஸ்கார் பர்னாக்குக்கு மூச்சிரைப்பு இருந்திச்சு, கண்ணாடி தட்டு போட்ட பெரிய கெமராவயும் ஸ்டாண்டயும் தூக்கிக்கிட்டு அவரால அலைய முடியல, அதனாலதான் சினிமா பிலிம சின்ன பெட்டிக்குள்ள சுத்தி பையில போட்டுக்கிட்டு போற மாதிரி ஒன்ன செஞ்சாரு, 1925ல லைப்சிக் சந்தையில அது வெளிய வந்திச்சு. மல ஏறுனா மூச்சு வாங்குறவனுக்காக பொறந்த சாமான்! இதவிட என்ன வெளம்பரம் வேணும்? அவங்க என்னடான்னா லிமிட்டட் எடிஷன், கெமரா முன்னால அவங்க அடையாளமா வைக்கிற செவப்பு பொட்டுன்னு நகக்கட மாதிரி கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சிருக்காங்க.

போன சீசன்ல சிவனொளிபாதம் ஏற போனப்போ நல்லதண்ணியில ஒரு தேத்தண்ணி கடையில வெள்ளக்காரர் ஒருத்தர் அவரோட லைக்கா எம் கெமராவ என் கையில குடுத்துட்டாரு. சின்ன கண்ணாடி வழியா பாத்தா கடக்கார அம்மா ரெண்டு ஆளா தெரியுறாங்க, லென்ஸ திருப்ப திருப்ப ரெண்டு அம்மாவும் ஒன்னா சேருறாங்க, சேந்தாதான் படம் தெளிவா விழும், ஒடனே அமுக்கணும், சத்தமே கேக்கல. அஞ்சு நிமிஷம்தான், எத்தன வெளம்பரம் பாத்தும் வராத ஆச அப்ப வந்திச்சு. அந்த லென்ஸ் வெள்ளக்காரரோட அப்பாவோடதாம். 1954ல எம்3 கெமராவுல வந்த மவுண்ட்தான், அதான் லென்ஸ் பூட்டுற எடம், இன்னிக்கு எம்11லயும் இருக்கு, அப்பன் லென்ஸ் மகன் கெமராவுல பூட்டுது. இத சொல்லுங்கப்பா மொதல்ல.

இன்னொன்னு, 2022ல இருந்து ஷாவ்மி போன் பின்னால லைக்கா பேர் வருது. தலவாக்கல பஸ்ல போற பொடியன் கையிலயும் அந்த பேர் இருக்கு, ஆனா அவனுக்கு அது வெறும் ஸ்டிக்கர். அவன் எடுத்த படத்த பெருசா பிரிண்ட் போட்டு டவுன்ல ஒரு ஹோல்ல மாட்டி, நெஜ கெமராவ ஒரு நாளைக்கு எரவலா குடுத்து பாக்கட்டும். கெமரா படத்த காட்டாம எடுத்த படத்த காட்டணும். ஜூலியா மார்கரெட் கெமரன்னு ஒரு அம்மா 1875ல இங்க வந்து நம்ம நாட்டு ஆளுங்கள படம் எடுத்து, 1879ல திக்கோயா பக்கம் செத்து, பொகவந்தலாவ சர்ச்லதான் பொதச்சிருக்காங்க. அந்தம்மா என்ன பிராண்ட் வச்சிருந்தாங்கன்னு யாராச்சும் கேட்டோமா? (பேர் கெமரன், அது வேற.)

அப்புறம் நம்ம பனிக்கும் மழைக்கும் லென்ஸ்ல பங்கஸ் புடிக்கிற கத ஒங்களுக்கு தெரியும். கழுவி குடுக்குறதுக்கு பக்கத்துல ஆள் இருக்குன்னு ஒரு வரி போட்டா, பத்து ஸ்டார வச்சு எடுத்த வீடியோவ விட நமக்கு அதுதான் பெருசு.

நீங்க வாங்கணுமான்னு கேக்கல, கேட்டாலும் சடங்கு வீட்டுக்கு எம் வேணாம் தம்பி. ஓட்டோ போக்கஸ் கெடையாது, நீங்க லென்ஸ திருப்பி முடிக்கிற வரைக்கும் ஆலாத்தி தட்ட புடிச்சிக்கிட்டு நிக்க எந்த அத்தையும் சம்மதிக்க மாட்டாங்க.