டீச்சர் பதில்கள்: சிட்னியில் ரக்பி, கடலூரில் கவலை

(கடலூர்க்காரர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை, கபடிப் பயிற்சியாளர். வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் தங்கை குடும்பம் சிட்னியில் இருக்கிறது. அவள் மகளுக்கு 17 வயது. 'தார்ஷா கேல் கப்' என்ற ரக்பி லீக் போட்டிக்கு ஒரு கிளப் அணியில் எடுத்திருக்கிறார்களாம். தங்கை அனுப்பிய வீடியோவில் மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து ஒருத்தியைத் தரையில் சாய்க்கிறார்கள். "பெருமையா இருக்குக்கா" என்கிறாள் தங்கை. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூஞ்சியில் அடிபட்டால் நாளைக்குக் கல்யாணம் காட்சி என்ன ஆகும்? நான் தடுத்துப் பேசலாமா டீச்சர்?
– ஒரு பெரியம்மா, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பேசுங்கள், தடுக்காதீர்கள். தடுத்தாலும் அந்தப் பெண் கேட்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.

முதலில் உங்கள் தங்கச்சி மகள் எங்கே நிற்கிறாள் என்று புரிந்துகொள்ளுங்கள். தார்ஷா கேல் கோப்பை என்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உயர்மட்டப் போட்டி. ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஒரு வீராங்கனையின் பெயர் அது. இதற்குக் கீழே 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு லிசா ஃபியோலா கோப்பை இருக்கிறது. மேலே ஏறிப்போனால் என்.ஆர்.எல்.டபிள்யூ. என்ற தேசிய அளவிலான பெண்கள் லீக். அது 2018-ல் நாலே அணிகளோடு ஆரம்பித்தது, 2025-ல் 12 அணிகள். அந்த வளர்ச்சிக்கு ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் கிளப்புகள் பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகளைத் தேடித்தேடி எடுக்கின்றன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் உங்கள் வீட்டுப் பெண் மாநில அணித் தேர்வு முகாமுக்கே போய்விட்டாள். ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுக்க வேண்டிய சமாசாரம் இது.

வீடியோவில் பார்த்ததற்கு வருகிறேன். ஓர் அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் பாஸ் கொடுத்தால் பின்பக்கம்தான் கொடுக்க வேண்டும். எதிரணி பிடித்து நிறுத்தியதும் அவள் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடி ஆட்டம் தொடரும். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தரையில் அழுத்தினால் 4 புள்ளி. ஆக, சாய்ப்பது சண்டை இல்லை, ஆட்டமே அதுதான். கழுத்திலோ தலையிலோ பிடித்தால் ஃபவுல். மோசமாகப் பிடித்தால் பத்து நிமிஷம் வெளியே உட்கார வேண்டும், இன்னும் மோசமென்றால் ஒரேயடியாக வெளியே.

கபடி பார்த்து வளர்ந்த மாவட்டத்திலிருந்து நீங்கள் இதற்குப் பயப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம். பாடி வருகிறவளை இடுப்பில் பிடிக்கப் பழக்கும்போது நான் பிள்ளைகளிடம் முதலில் பார்ப்பது கையை அல்ல, தலையை. தலையை எதிராளிக்கு முன்னால் கொண்டுபோனால் அவள் முட்டி உன் பொட்டில் இடிக்கும். பக்கவாட்டில், அவள் முதுகை ஒட்டி வைத்தால் உன் தோள் வேலை செய்யும், தலை பிழைக்கும். ரக்பி லீக்கிலும் இதே பாடம்தான்: கண் திறந்திருக்கணும், முதுகு நேராக இருக்கணும், தோள் முதலில் படணும், கை சுற்றி வளைக்கணும், தலை வெளிப்பக்கம். விழுவதற்கும் பழக்கம் உண்டு. பந்தை நெஞ்சோடு அணைத்து, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டு விழ வேண்டும். கையை ஊன்றி விழுகிற பிள்ளைக்குத்தான் மணிக்கட்டும் காரை எலும்பும் போகும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற கோச் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஆடலாமா கூடாதா என்பது இல்லை.

தழும்பு பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் ஆடிய பிள்ளைகளில் முட்டியில் தழும்பு இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆளாளுக்குப் பத்திரிகையோடு வந்து மொய் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

பயப்பட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. ஒன்று முழங்கால். உள்ளே இருக்கும் முன் சிலுவைத் தசைநார், ஏ.சி.எல். என்பார்கள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகக் கிழிகிறது. யாரும் இடிக்க வேண்டாம், ஓடிவந்து சட்டென்று திரும்பினாலே போதும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்கப் பழக்கி, தொடைக்கும் பிட்டத்துக்கும் வலு ஏற்றினால் ஆபத்து நன்றாகக் குறையும். வார்ம்-அப் என்ற பெயரில் இரண்டு ரவுண்டு ஓடவிட்டு விசில் ஊதுகிற கோச் என்றால் யோசியுங்கள்.

இன்னொன்று தலை. ஒரு மண்டலப் போட்டியில் என் பெண் ஒருத்தி பின்மண்டை அடிபட விழுந்தாள். உடனே எழுந்து, "ஒண்ணுமில்ல மிஸ்" என்று சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். "நம்ம கோர்ட் எந்தப் பக்கம் மிஸ்?" என்று கேட்டாள். அப்படியே கையைப் பிடித்து வெளியே உட்கார வைத்துவிட்டேன். அமைப்பாளர் ஒருவர், "ரத்தமே வரலையே, ஏன் ஆளை எடுக்கறீங்க?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். நம் மைதானங்களில் ரத்தம் வந்தால்தான் காயம்! ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது தெரியுமா? 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூளை அதிர்ச்சி என்றால், அறிகுறிகள் எல்லாம் போய் 14 நாள் ஆன பிறகுதான் மோதல் உள்ள பயிற்சி. அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்துத்தான் போட்டி. விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீசன் சில மாதங்களில் முடிந்துவிடும், மூன்று வாரம் உட்கார்ந்தால் இடம் போய்விடுமோ என்று பிள்ளைகள் தலைவலியை மறைப்பார்கள். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் மறைக்கும்.

அதனால் பெரியம்மாவாக நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை வீடியோ காலில் அந்தப் பெண்ணிடமே, "தலையில இடிச்சா யார்கிட்ட சொல்லுவ?" என்று கேளுங்கள். ஆள் பேர் சொல்லிப் பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். "பாத்துக்கலாம் பெரியம்மா" என்று மழுப்பினால் தங்கச்சியிடம் சொல்லிக் கிளப்பில் விசாரிக்கச் சொல்லுங்கள். படிப்பையும் விட்டுவிடக் கூடாது, ஆட்டச் சம்பளத்தை மட்டும் நம்ப முடியாது. அங்கே வீராங்கனைகளும் சேர்ந்த முதல் கூட்டு ஊதிய ஒப்பந்தமே 2023-ல்தான் வந்தது.

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ரக்பி என்றால் 15 பேர் என்பார். நீங்கள் போன இதழில் 13 என்று எழுதினீர்கள். யார் சரி?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாத்தாவும் சரி, நானும் சரி. 1895-ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஹோட்டல் ஒன்றில் வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பிரிந்துபோயின. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போகிறதே, அதை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பிரிந்தவர்களின் ஆட்டம் லீக், 13 பேர். பழையது யூனியன், 15 பேர். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் ஏழு பேர் ஆட்டம் யூனியனின் குட்டி.

உங்கள் தாத்தா லீக் பற்றிப் பேசாததற்கு ஒரு காரணம் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு, 1941-ல் பிரான்சில் ரக்பி லீக்கையே தடை செய்து, சங்கத்தின் சொத்தையும் பிடுங்கிக்கொண்டது. போருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் 'ரக்பி' என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாமல் 'பதின்மூன்று பேர் ஆட்டம்' என்றே ஆடினார்கள். நம் புதுச்சேரி 1940-லேயே விஷியை உதறிவிட்டு, ஜெர்மனியை எதிர்த்து நின்ற டி கால் பக்கம் போய்விட்டது. புத்திசாலி ஊர்!

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு. கபடி ஆடுவேன். எனக்கும் ரக்பி ஆட ஆசை. இங்கே முடியுமா மிஸ்?
– மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: லீக் ஆட்டம் இங்கே கிடைப்பது கஷ்டம் பாப்பா. இந்தியாவில் பெண்கள் ஆடுவது பெரும்பாலும் ஏழு பேர் யூனியன்தான். பீகாரிலும் ஒடிசாவிலும் கிராமத்துப் பிள்ளைகள் அதில் எங்கேயோ போய்விட்டார்கள். 15 பேர் ஆட்டத்திலும் இந்தியப் பெண்கள் அணி 2019-ல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது, அந்த வகை ஆட்டத்தில் நம் பெண்களுக்கு முதல் வெற்றி அது. தமிழ்நாட்டுச் சங்கம் சென்னையில் இருக்கிறது. உன் பி.டி. மிஸ்ஸை விட்டு எழுதிக் கேட்கச் சொல்.

அதுவரை சும்மா இருக்காதே. பிடிக்கத் தெரிந்த கபடிக்காரிக்குப் பாதி ரக்பி வந்த மாதிரி. மீதி, ஓடிக்கொண்டே பின்னால் பாஸ் கொடுப்பது. தேங்காய் அளவு எந்தப் பந்தாக இருந்தாலும் சரி, நாலு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு வரிசையாக ஓடிப் பழகு. முழுப் பரீட்சை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் அண்ணா ஸ்டேடியத்துக்கு வா, தலையை எங்கே வைப்பது என்று காட்டுகிறேன். ஷூ இல்லாவிட்டால் பரவாயில்லை. நகத்தை வெட்டிக்கொண்டு வா.