வலி மட்டும் கவிதையாகிவிடுமா?

ஆப்பிரிக்க-அமெரிக்க எதிர்ப்புக் கவிதையை உருவாக்கியது இன ஒடுக்குமுறையா, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பர்களிடையே நடந்த பண்பாட்டு எழுச்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் இரண்டும் செய்த வேலை ஒன்றல்ல.

ஒடுக்குமுறை அங்கே பல தலைமுறைப் பழசு. அடிமைக் காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதே குற்றம். விடுதலைக்கு அப்புறமும் கொலைகள் ஓயவில்லை. 1889 முதல் 1918 வரை கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்றவர்கள் 3,224 பேர், அவர்களில் 2,522 பேர் கறுப்பர்கள் என்று கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு 1919-இல் கணக்கு வெளியிட்டது.

இந்த வலிக்கு நடுவில்தான் கறுப்புக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் எழுதினார். அப்பா அம்மா இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் லிஃப்ட் இயக்கிப் பிழைத்தார். 1895-இல், நாங்கள் சிரிக்கும் முகமூடி போட்டிருக்கிறோம், எங்கள் கண்ணீரை உலகம் எண்ண வேண்டாம் என்று எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த கவிதை. ஆனால் அவர் புத்தகங்களை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்கள் கேட்டதோ கொச்சை மொழியில் வேடிக்கைப் பாட்டு. ஆத்திரம் இருந்தது, அதை நேருக்கு நேர் சொன்னால் கேட்க ஆள் இல்லை.

அடுத்த கால் நூற்றாண்டில் நிலைமை மாறியது. தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வடக்கே ரயிலேறினார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் கறுப்பர்களின் நகரமாயிற்று. கறுப்பு அறிஞர் டு பாய்ஸ் நடத்திய ‘தி க்ரைசிஸ்’ பத்திரிகை வீடு வீடாகப் போனது. முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்த கறுப்பு வீரர்கள் பழையபடி தலைகுனிந்து நடக்கத் தயாராக இல்லை.

1919 கோடையில் ஊருக்கு ஊர் இனக் கலவரம். ஜமைக்காவிலிருந்து வந்த கவிஞர் கிளாட் மெக்கே அப்போது ரயிலில் உணவுப் பெட்டிச் சர்வர். ஸ்டேஷனிலிருந்து தங்குமிடம் போகும் தூரத்தைக்கூடக் கூட்டமாக, சிலர் ஆயுதத்தோடு, கடக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் எழுதியதுதான் ‘நாம் சாகத்தான் வேண்டுமென்றால்’. பட்டியில் அடைத்த பன்றிகளைப் போலச் சாக மாட்டோம், திருப்பி அடித்துச் சாவோம் என்கிறது. பதினான்கு வரியில் கறுப்பு, வெள்ளை என்ற சொல்லே கிடையாது. வடிவமோ ஷேக்ஸ்பியர் கையாண்ட அதே சானெட் என்ற பதினான்கு வரிப் பா. கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் அதை வாசித்துக் காட்டினார். அந்தக் கூட்டத்திலேயே பொறுப்பில்லாதவர் என்று பெயரெடுத்த சர்வர்கூட அழுதுவிட்டாராம். இன்னொருவர், இதைக் கறுப்பர் இயக்கத் தலைவர் மார்கஸ் கார்வியின் கூட்ட மண்டபமான லிபர்ட்டி ஹாலில் போய்ப் படியுங்கள் என்றாராம். டன்பாருக்குக் கிடைக்காதது இதுதான்: தன் வரிகளுக்காகக் காத்திருந்த சொந்தச் சனம்.

கவிதையை முதலில் அச்சிட்டது வெள்ளை இடதுசாரிகளின் ‘லிபரேட்டர்’ பத்திரிகை, 1919 ஜூலையில். பிறகு கறுப்புப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தன. அதே மாதக் கடைசியில் சிகாகோ இனக் கலவரத்தில் பற்றி எரிந்தது. 38 பேர் செத்தார்கள்.

இன்னொரு கறுப்புக் கவிஞரான லாங்ஸ்டன் ஹ்யூஸின் கதை வேறு மாதிரி. மெக்சிகோவிலிருந்த அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறார். அந்த அப்பாவுக்குத் தன் சனத்தையே பிடிக்காது. அதை நினைத்துக்கொண்டே மாலை வெளிச்சத்தில் மிசிசிப்பியைக் கடக்கும்போது, கையிலிருந்த கடித உறையின் பின்பக்கத்தில் நதிகளைப் பற்றி எழுதுகிறார். யூப்ரடீஸ், காங்கோ, நைல், மிசிசிப்பி. ‘க்ரைசிஸ்’ அதை 1921 ஜூனில் வெளியிட்டது. அதில் கோபமே தெரியாது. ஆனாலும் அது எதிர்ப்புக் கவிதை என்றே நான் சொல்வேன். வரலாறு இல்லாதவர்கள் என்று இழிவுபடுத்தப்பட்ட ஒரு சனத்துக்கு, நாகரிகம் பிறந்த ஆற்றங்கரையிலேயே இடம்போட்டுக் கொடுத்தது அது. அப்புறம் அவர், ஹார்லெமில் ஒலித்த ப்ளூஸ் என்ற கறுப்பர்களின் சோகப் பாட்டையே கவிதைக்கு மெட்டாக்கிக்கொண்டார்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அவர் 1951-இல் வெளியிட்ட ‘ஹார்லெம்’. பதினோரே வரி. தள்ளிப்போட்ட கனவு என்ன ஆகும்? வெயிலில் திராட்சையாய் வற்றுமா, புண்ணாய்ச் சீழ் வடியுமா என்று கேள்வியாகவே போகும். ஒரே ஒரு வாக்கியத்தில்தான் கேள்விக்குறி இல்லை: பாரமாய்த் தொங்கிப்போகுமோ என்னவோ. உடனே, ‘இல்லை, வெடிக்குமா?’ என்று முடித்துவிடுவார். 1935-இலும் 1943-இலும் ஹார்லெம் கலவரமாய் வெடித்திருந்தது. கேள்வியைக் கேட்டவரின் வீடும் அதே ஹார்லெமில்தான் இருந்தது.